மாமா, உங்கள் வண்டியை வந்து எடுத்துப் போங்கள்

மிகுந்த மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகள் பணிவுடன் எழுதிக்கொள்வது. உங்கள் ஊரில் மழை உண்டா, மாமியின் முதுகுவலி குறைந்ததா, குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டதா என்றெல்லாம் முறைப்படி விசாரிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், விசாரித்துவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். இங்கே நானும் அப்பாவும் சுமாராக இருக்கிறோம். நீங்கள் எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போன மோட்டார் சைக்கிள் மட்டும் பரிபூரண நலத்துடன், நாளுக்கு நாள் பளபளப்பு கூடி, வீட்டில் எல்லோரையும்விட நன்றாக இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

விஷயத்தை நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். முன்னுரை நீண்டால் படிப்பவர் கொட்டாவி விடுவார் என்று எங்கள் கட்டுரை ஆசிரியை சொல்லியிருக்கிறார். நீங்கள் தயவுசெய்து கிடைத்த முதல் விடுமுறையில் கிளம்பி வந்து உங்கள் வண்டியை எடுத்துப் போக வேண்டும். "ஒரு மாசம் மட்டும் வெச்சுக்கக்கா, அங்க வீடு கிடைச்சதும் வந்து எடுத்துக்கிறேன்" என்று நீங்கள் வாசலில் நின்று சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். உங்களுக்கு வீடு கிடைத்தது, குழந்தை பிறந்தது, அந்தக் குழந்தைக்குப் பல்லும் முளைத்துவிட்டது. அந்த ஒரு மாதம் மட்டும் இன்னும் முடியவில்லை.

நீங்கள் விட்டுப் போனது வண்டியே இல்லை, மாமா. தார்ப்பாய்க்குள் ஒரு துருக்குவியல். முன்விளக்குக்குள் ஏதோ ஒரு பறவை கூடு கட்டி, பிள்ளை பெற்று, காலியும் செய்திருந்தது. காப்பீட்டு அலுவலகத்தில் விபத்துப் பிரிவில் இருப்பதால் எதைப் பார்த்தாலும் அது எப்படி உடையும் என்றே யோசிக்கும் அப்பா, அதை ஒரு சுற்று சுற்றிவந்து, "இதுக்கு இழப்பீடு கேட்டு யாராவது வந்தா நான் கேள்வியே கேக்காம கையெழுத்துப் போட்டுடுவேன்" என்றார். அம்மா மட்டும் கிட்டே போய், அதன் சங்கிலியை விரலால் மெல்லத் தட்டி, "அடடா, உன்னை யாருமே கவனிக்கல போலிருக்கே" என்றாள். அம்மா இந்த வாக்கியத்தை, வீட்டு முன்பக்கத்தில் நடத்தும் பல் கிளினிக்குக்குப் புதிதாக வரும் எல்லோரிடமும் சொல்வாள். ஆனால் அவர்கள் பல்லைக் காட்டிவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு, அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இது போகவில்லை. அன்று சாயங்காலமே வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடி கிளினிக்கிலிருந்து வந்து என்ஜினுக்கு அடியில் போனது. பிறகு பல்லிடுக்கைச் சுரண்டும் கொக்கி, கார்புரேட்டரின் துளைகளைச் சுத்தம் செய்ய. பிறகு பஞ்சுருளைகள், பல்லுக்கு மெருகேற்றும் பசை, சொட்டும் எண்ணெயைப் பிடிக்க அந்த வளைந்த துப்பல் கிண்ணம். எல்லாம் கிளினிக்கில் ஒதுக்கிய பழைய சாமான்தான் என்று உங்கள் அக்கா சத்தியம் செய்கிறாள். இருந்தாலும் நான் இனி வேறு பல் மருத்துவரிடம் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். போன மாதம் ஒருவர் வாயைத் திறந்தபடி நாற்காலியில் சாய்ந்திருக்க, அம்மா காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு உதிரிபாகக் கடைக்காரரிடம், "உள்ள பூரா அரிச்சுப் போச்சுங்க, மொத்தமா கழட்டி எறிஞ்சிடலாம், சுத்தியலால ரெண்டு தட்டு தட்டினா வந்துடும்" என்று சொல்ல, அந்த மனிதர் கழுத்தில் கட்டிய துணியோடு தெருவில் இறங்கி ஓடியே போய்விட்டார். மறுநாள் அவர் மனைவி வந்து துணியை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்தது இடம். ஷெட்டில் ஈரம் என்று வண்டி கூடத்துக்கு வந்தது. கூடத்தில் இருந்த சாப்பாட்டு மேஜை என் அறைக்கு வந்தது. என் அறையில் இருந்த புத்தக அலமாரி குளியலறை வாசலுக்குப் போனது. இப்போது யாராவது தலைக்குக் குளித்துவிட்டு வெளியே வந்தால் என் கலைக்களஞ்சியம் இருக்கும் கீழ்த்தட்டு நனைந்து, விலங்கியல் முழுவதும் ஊதிப்போய்க் கிடக்கிறது. பெட்ரோல் டேங்குக்குப் பெயிண்ட் அடித்துக் காயவைக்க வீட்டிலேயே தூசி பறக்காத இடமாகத் தேடி, கடைசியில் என் கட்டிலைத் தேர்ந்தெடுத்தார்கள். "இவ ரூம்லதான் யாரும் ஓடியாடுறதில்ல. புத்தகத்தை வெச்சுக்கிட்டு ஆடாம அசையாம உக்காந்திருக்கா, தூசி எங்கேருந்து வரும்?" என்றாள் அம்மா. வாசிப்பின் பயன்களைப் பற்றி நான் எத்தனையோ படித்திருக்கிறேன், மாமா. இந்தப் பயனை ஒருவரும் எழுதியதில்லை. டேங்க் என் கட்டிலில் போர்வை விரித்துத் தூங்கியது. நான் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் தூங்கினேன்.

எனக்குப் பொறாமை என்கிறார் அப்பா. நான் உடனே அகராதியை எடுத்துப் பார்த்தேன். பிறர் நன்றாக இருப்பதைப் பொறுக்க முடியாத குணம் என்று போட்டிருக்கிறது. பிறர் என்றால் மனிதர்கள். மோட்டார் சைக்கிள் பிறர் ஆகாது. ஆகவே எனக்கு இருப்பது பொறாமை இல்லை, நியாயமான வருத்தம். நீங்களே சொல்லுங்கள், என்னைச் சின்ன வயதிலிருந்து "ராஜாத்தி" என்று கூப்பிட்டது யார்? உங்கள் அக்காதான். இப்போது காலையில் எழுந்ததும் "என்ன ராஜாத்தி, ராத்திரி எண்ணெய் சொட்டினியா?" என்று குரல் கேட்கிறது. அது எனக்கில்லை என்று தெரிய எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. ஒரு தம்பியோ தங்கையோ பிறந்திருந்தால்கூட நான் சகித்துக்கொண்டிருப்பேன். அழும், வளரும், பள்ளிக்கூடம் போகும், கணக்கில் தோற்கும், அப்போது என் அருமை தெரியும். இது தோற்பதே இல்லை. ஓடாவிட்டால் "பாவம், வயசாச்சில்ல" என்கிறாள். ஓடினால் "இந்த வயசுல பாரேன்!" என்கிறாள். நான் எண்பத்தெட்டு வாங்கினால் மட்டும் மீதிப் பன்னிரண்டு எங்கே போச்சு என்று கேட்கிறாள்.

கட்டுரைப் போட்டியில் எனக்கு முதல் பரிசு கிடைத்ததை உங்களுக்குச் சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள். அன்று கட்டுரையை அம்மாவிடம் படித்துக் காட்ட ஓடிவந்தேன். அம்மா வண்டிக்கு அடியில் படுத்திருந்தாள், பாதம் மட்டும் தெரிந்தது. "படி, காது சும்மாதானே இருக்கு. அப்படியே இந்த டார்ச்சைப் பிடிச்சுக்கோ" என்றாள். ஒரு கையில் டார்ச், மறுகையில் கட்டுரை. நான் முதல் பத்தியை உணர்ச்சியோடு படித்தேன். "இன்னும் கொஞ்சம் மேல" என்றாள் அம்மா. குரலை உயர்த்தினேன். "குரல் இல்ல, லைட்டு." இரண்டாம் பத்தியில் ஓர் அழகான உவமை வரும், அதைப் படித்து முடித்ததும் அடியிலிருந்து "அற்புதம்!" என்று சத்தம் வந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. "சுத்திப் பாரு, ஒரு சின்ன கிறீச் சத்தம்கூட இல்ல, என்னா பேரிங்குடா!" என்று அந்தப் பாராட்டு முடிந்தது. மூன்றாம் பத்தியை நான் படிக்கவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

இத்தனையையும் நான் பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம் உண்டு. முன்பெல்லாம் சனிக்கிழமை சாயங்காலம் நானும் அம்மாவும் நூலகத்துக்கு நடந்து போவோம். வண்டி வந்தபின் அது நின்றுபோனது. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டபோது அம்மா, "கொஞ்சம் பொறுத்துக்கோ. வண்டி தயாராகட்டும், உன்னைப் பின்னாடி உக்கார வெச்சு ஜம்முனு லைப்ரரிக்குக் கூட்டிட்டுப் போறேன். எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க" என்றாள். வண்டியில் நீங்கள் மாமிக்காக மாட்டிய பின்சீட்டு, கிழிந்து பஞ்சு தள்ளினாலும், அப்போது இருந்தது. நானே அதை ஊசி நூலால் தைத்தேன். அது என் இடம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அசல் ஐயா வந்தார். இவர் பழைய மோட்டார் சைக்கிள் சங்கத்தின் செயலாளர். எதைப் பார்த்தாலும் "இது அசலா?" என்று கேட்பதால் எல்லோரும் அப்படிக் கூப்பிடுகிறார்கள். போல்ட்டைப் பார்த்துக் கேட்பார், கைப்பிடி உறையைப் பார்த்துக் கேட்பார். என்னையும் ஏற இறங்கப் பார்த்ததால் நான் முந்திக்கொண்டு, "மூக்குக்கண்ணாடி மட்டும் அப்புறம் மாட்டினதுங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. வண்டியின் பின்பக்கம் போனவர் பாம்பைப் பார்த்தவர்போல நின்றுவிட்டார்.

"என்ன டாக்டரம்மா இது?"

"பின்சீட்டுங்க. என் தம்பி போட்டது."

"தம்பி போட்டதா? மட்கார்டுல ஓட்டை போட்டா? இந்த மாடலுக்குப் பின்சீட்டே கிடையாதும்மா! கம்பெனி குடுத்தது ஒத்தை சீட்டு. இதோட நீங்க கண்காட்சிக்கு வந்தீங்கன்னா நான் முகத்தைத் திருப்பிக்குவேன், சொல்லிட்டேன்."

உங்கள் அக்கா அன்றே பின்சீட்டைக் கழற்றினாள். நீங்கள் ஓட்டை போட்ட மட்கார்டுக்குப் பதிலாக ஓட்டையே போடாத அசல் மட்கார்டைத் தேடி ஊர் ஊராகப் போன் செய்தாள். அது ஒருநாள் வைக்கோல் சுற்றி வந்து சேர்ந்தபோது அசல் ஐயா அதைக் கையில் வாங்கிக் கண் கலங்கினார். நான் பிறந்தபோதுகூட எங்கள் வீட்டில் யாரும் அப்படிக் கலங்கியதாகக் கேள்விப்படவில்லை. "அப்ப நான் எங்க உக்கார்றது?" என்று கேட்டேன். "கண்காட்சி முடியட்டும், பாக்கலாம்" என்றாள் அம்மா. பெரியவர்கள் "பாக்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று அகராதி இல்லாமலே எனக்குத் தெரியும்.

இந்த வருத்தத்தில் எனக்குத் துணையாக இருந்தவர் அப்பா ஒருவர்தான். அவருக்கும் மனசு சரியில்லை. "யாரு போன்ல?" என்பார். "பிஸ்டன் ரிங் வந்துடுச்சாம்" என்பாள் அம்மா. "காலையிலயும் அதே ஆள்தானே பண்ணார்?" "காலையில வந்தது வாஷர்." இப்படியே போனதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, "நானும் இதைக் கத்துக்கப்போறேன், அப்பவாவது நம்ம பேச்சை யாராவது கேப்பாங்களான்னு பாக்கலாம்" என்றார். அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. அவள் முக்கியமான ஒன்றைப் பலமுறை சொன்னாள்: இந்தக் காலத்து வண்டிகளில் வலது காலில் பிரேக், இடது காலில் கியர், இந்த மகாராணிக்கு நேர் எதிர். "தெரியும் தெரியும், நான் விபத்துப் பிரிவு" என்றார் அப்பா. தெருமுனைவரை கம்பீரமாகப் போய்த் திரும்பியும் வந்தார். கிளினிக் வாசல் வந்ததும் வலது காலால் பிரேக்கை மிதித்தார். அது கியர். வண்டி நிற்பதற்குப் பதிலாக உற்சாகமடைந்தது. இன்னும் பலமாக மிதித்தார். அது இன்னொரு கியர். "பல் வலியா? தயங்காமல் உள்ளே வாருங்கள்" என்ற பெயர்ப்பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு அப்பா செடிவேலிக்குள் போய் உட்கார்ந்தார். அம்மா கிளினிக்கிலிருந்து கையுறையோடு ஓடிவந்தாள். ஓடிவந்து டேங்கைத் தடவி, "ஐயோ, அடி பட்டுச்சா? எங்க, காட்டு" என்றாள்.

"நானும் இங்கதான் இருக்கேன்" என்றார் வேலிக்குள்ளிருந்து அப்பா.

"நீங்க பேசுறீங்களே, நல்லாத்தான் இருப்பீங்க. இது வாய் திறந்து சொல்லாதில்ல!"

அப்பாவுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. கீழே விழுந்தீர்களா என்று கேட்டவர்களிடமெல்லாம், "நான் விழல. வண்டி என்னை விட்டுட்டு நகர்ந்துச்சு" என்று அலுவலக மொழியில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இனி நேற்று நடந்ததற்கு வருகிறேன். நேற்றுதான் கண்காட்சி. பெரிய மைதானம், வரிசையாகப் பழைய வண்டிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் பெருமை தாங்காமல் ஒரு குடும்பம். அம்மா வண்டியில் தனியாக வந்தாள். நானும் நொண்டிக்கொண்டு அப்பாவும் பேருந்தில் வந்தோம், துடைக்கும் துணிகளைச் சுமந்துகொண்டு. அசல் ஐயா அம்மாவின் வாய்க்கண்ணாடியையே வாங்கி வண்டியின் இண்டு இடுக்கெல்லாம் பார்த்தார். கைப்பிடியில் இருந்த பின்பார்வைக் கண்ணாடியைக்கூட அசல் இல்லை என்று அம்மா முன்பே கழற்றியிருந்தாள். "அசல்... அசல்... அசல்..." என்று சொல்லிக்கொண்டே வந்து கடைசியில் மட்கார்டை முத்தமிடாத குறையாக நின்றார். கோப்பை கிட்டத்தட்ட எங்களுக்குத்தான். மைதானத்தைச் சுற்றி ஒருமுறை ஓடிக்காட்ட வேண்டியதுதான் பாக்கி.

அதைக் கிளப்புவது ஒரு பூஜை மாதிரி, மாமா, உங்களுக்குத் தெரியாதா? கார்புரேட்டரின் குமிழை அழுத்திப் பெட்ரோல் கசியவிட வேண்டும், கைப்பிடியில் உள்ள குட்டி நெம்புகோலைப் பிடித்து மெதுவாக உதைத்து மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் விட வேண்டும், பிறகு ஒரே உதை. அம்மா உதைத்தாள். அது திருப்பி உதைத்தது. மறுபடி உதைத்தாள். இருமிவிட்டு அமைதியானது. கூட்டமே பார்த்துக்கொண்டிருக்க அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. சங்கத்தில் ஒரு விதி உண்டு: நின்றுபோன வண்டியை அந்த வீட்டு ஆள்தான் தள்ள வேண்டும், வேறு கை பட்டால் மதிப்பெண் போய்விடும். அப்பாவுக்குக் கால் சரியில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் புத்தகத்தைக் கீழே வைத்தேன். தள்ளினேன். நான் உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கையையும் ஊன்றி, யாரும் உட்காராமல் வழவழவென்று இருந்த அந்த மட்கார்டைத் தள்ளினேன். "நல்லாத் தள்ளு கண்ணு! இன்னும் கொஞ்சம் கண்ணு!" என்று அம்மா கத்தினாள். இத்தனை மாதத்தில் முதல்முறையாக அந்தக் குரல் எனக்காக வந்தது. அதனால் உயிரைக் கொடுத்துத் தள்ளினேன். திடீரென்று தடதடவென்று பிடித்துக்கொண்டது. என் முகத்தில் ஒரு கரும்புகை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், அம்மா தூரத்தில் போய்க்கொண்டிருக்கிறாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்ஜின் சூடாகும்முன் நிறுத்தினால் அணைந்துவிடும் என்பது எனக்குத் தெரியும்; பழுதுபார்க்கும் புத்தகத்தை நான் அம்மாவுக்கு முன்பே படித்து முடித்திருந்தேன். வண்டியில் பின்பார்வைக் கண்ணாடி இல்லாததால் அம்மாவுக்குப் பின்னால் நடப்பது தெரியாது என்பதும் தெரியும். எல்லாம் தெரிந்தும் அழுகை வந்தது. கூட்டம் கைதட்டியது, எனக்கில்லை. "கேட்டீங்களா, அசல் சத்தம்!" என்று அசல் ஐயா துள்ளினார். நான் அப்பாவை இழுத்துக்கொண்டு பேருந்தில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அம்மா வெகுநேரம் கழித்துக் கோப்பையோடு வந்தாள். "எங்க போனீங்க ரெண்டு பேரும்? மைதானம் பூரா தேடிட்டு வரேன்!"

"நான் தள்ளுறதுக்கு மட்டும்தானா?" என்றேன். "உக்கார்றதுக்கு இல்லையா?"

அம்மா ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கோப்பையை அலமாரி மேல் வைத்தாள். பிறகு என் அறையில் இருக்கும் சாப்பாட்டு மேஜையில் என்னை உட்கார வைத்து, முகத்தை நிமிர்த்தி, நோயாளியிடம் கேட்பதுபோல, "எங்க வலிக்குது? சொல்லு" என்றாள். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். ஒரு பல் மருத்துவரிடம் அதைவிடப் பெரிய கோபத்தைக் காட்ட முடியாது.

ஆகவே மாமா, வண்டி உங்களுடையது, நீங்கள்தான் வர வேண்டும். அதோ, கூடத்தில் தயாராக நிற்கிறது. அம்மா இரண்டு நாள் அழுவாள். நானும் அப்பாவும் பார்த்துக்கொள்கிறோம். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம், குட்டிப்பயலுக்கு என் முத்தம். மோட்டார் சைக்கிள்களுக்கு என்னிடம் எதுவும் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் அக்காவின் ஒரே மகள்
("ஒரே" என்பதை அடிக்கோடிட்டிருக்கிறேன், கவனிக்கவும்.)

பின்குறிப்பு: தபால்தலை இல்லாததால் கடிதம் மேஜையிலேயே கிடந்தது. இன்று காலை விடுமுறை நாளில் துளைக்கருவி சுழலும் சத்தம் கேட்டு, யாருக்கோ அவசரமாகப் பல் வலி என்று நினைத்து எழுந்து வந்தேன். கூடத்தில் அம்மா, தச்சரிடம் இரவல் வாங்கிய துளைக்கருவியோடு வண்டிக்குப் பின்னால் மண்டியிட்டிருந்தாள். பக்கத்தில் நான் தைத்த அந்தப் பின்சீட்டு. கோப்பை வென்ற வண்டியைப் படம் எடுக்க வந்த அசல் ஐயா, மட்கார்டின் மேல் இரண்டு கையையும் விரித்துக் காவல் நின்றார்.

"வேணாம் டாக்டரம்மா! நாட்டுலயே மிச்சம் இருக்கிற ஒரு மட்கார்டும்மா இது! ஓட்டை போட்டா போட்டதுதான், திரும்ப வராது!"

"நான் தினமும் பல்லுல போடுறேன்யா, எனக்குத் தெரியாதா? கையை எடுங்க, விரல் போயிடும்."

"கோப்பையைத் திருப்பி வாங்க வேண்டியிருக்கும்!"

"அலமாரி மேல இருக்கு, எடுத்துக்குங்க. பாத்து எடுங்க, உள்ள நட்டு போட்டு வெச்சிருக்கேன்."

என்னைப் பார்த்ததும் அம்மா, "வா, வந்து ஏறி உக்காரு. காலு எட்டுதான்னு பாத்துட்டுத்தான் திருகணும்" என்றாள். ஏறினேன், கால் எட்டியது. அம்மா திருகி முடித்ததும் நூலகத்துக்குப் போனோம். விடுமுறை என்று பூட்டியிருந்தது, அதனால் அதை இரண்டு முறை சுற்றி வந்தோம். சீட்டு கல் மாதிரி இருக்கிறது, பாவாடையெல்லாம் எண்ணெய், எலும்பெல்லாம் இடம் மாறிவிட்டது. வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன். என்ஜின் சத்தத்தில் அம்மாவுக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்காது, ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் எழுதாததாகக் கருதவும். நீங்கள் வர வேண்டாம். அப்படி வந்தால் மாமியோடும் குழந்தையோடும் வாருங்கள், வண்டியைத் தூரத்திலிருந்து பார்க்கலாம், தொடக் கூடாது.

இன்னொன்று. பின்சீட்டில் ஓர் ஆளுக்குத்தான் இடம். நாங்கள் திரும்பி வந்தபோது வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா, அப்போதிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து உங்களுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். அது வந்து சேர்ந்தால் தயவுசெய்து பிரிக்காதீர்கள்.